கூடு ஆறினால் இறங்கி வரும் சிற்றுண்ணி

கூரை இடுக்கிலிருந்து மைனாக் குஞ்சுகள் பறந்துபோன இரண்டொரு நாளில் வீட்டாருக்கு உடலெங்கும் அரிப்பு உண்டாகிறது. மூட்டைப்பூச்சி மீது பழிபோட்டுப் பாயை வெயிலில் உலர்த்துகிறோம். நோக்க வேண்டியது கூரையை.

பறவைக் கூட்டில் வாழும் சிற்றுண்ணி ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட இல்லாதது. பறவையின் இரத்தமே அதன் உணவு. ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ் கொண்ட அதன் உடற்சூடே இரையைக் காட்டும் அடையாளம். வெப்பம் மிகுந்த நம் நாட்டில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற அதற்கு ஒரு வாரமே போதும். பெருக்கத்தைத் தடுக்கக் குளிர்காலமும் இங்கில்லை.

குஞ்சுகள் போனதும் கூடு ஆறுகிறது. பசித்த சிற்றுண்ணிகள் சூட்டைத் தேடி, கீழே உறங்குவோரை அடைகின்றன. இரை கிடைக்காவிடினும் ஏறத்தாழ 10 நாள் உயிரோடிருக்கும்.

ஆதலால் குஞ்சுகள் பறந்த அன்றே, கையுறை அணிந்து, கூட்டைப் பையிலிட்டு இறுகக் கட்டி அகற்றுக. குஞ்சுகள் இருக்கையில் கலைத்தல் கூடாது. அது பாவம் என்பதோடு, சிற்றுண்ணிகளை நாமே முன்கூட்டி வீட்டுக்குள் இறக்கிவிடுவதாகவும் முடியும்.