ஓடுகிற கம்ப்யூட்டரை ஏன் தொடவேண்டும்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. மறுநாள் காலை ஒரு கணினிகூட நின்றுபோகவில்லை. சிக்கலே அதுதான். நின்றுபோயிருந்தால் எல்லோரும் ஏதாவது செய்திருப்பார்கள். வழக்கம்போல ஓடுவதால், ‘ஒன்றும் ஆகாது’ என்று ஒரு கட்சியும், ‘தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு’ என்று இன்னொரு கட்சியும் உருவாகிவிட்டன. இரண்டு பேச்சிலும் பாதி உண்மைகள் நிறைய.

“வீட்டுக் கணினிதானே, இதை யார் குறிவைக்கப் போகிறார்கள்?”

யாரும் குறிவைக்க வேண்டியதில்லை. 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வானாகிரை என்ற தீய நிரல், ஆள் பார்த்துத் தாக்கவில்லை. யாரோ ஒரு மின்னஞ்சலைத் திறந்ததாலும் அது பரவவில்லை. விண்டோஸ் கணினிகள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையின் முதல் பதிப்பில் ஓர் ஓட்டை இருந்தது. அந்த வழியாக ஒரு கணினியில் நுழைந்து, அதே நெட்வொர்க்கில் இருந்த மற்றவற்றுக்குத் தானாகத் தாவியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் பல, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் மாதத்தில் வெளியிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பான்மை, அதை நிறுவாமல் விட்ட விண்டோஸ் 7 கணினிகள்.

ஆதரவு நின்ற இயங்குதளம் என்றால், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்குத் திருத்தம் வராது என்று பொருள். ஆன்டிவைரஸ் இதற்கு மாற்று ஆகாது. தெரிந்த தீய நிரல்களை அது பிடிக்கலாம். இயங்குதளத்தில் இருக்கும் ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை. ரவுட்டர் வெளியிலிருந்து வரும் நேரடித் தாக்குதலைப் பெருமளவு தடுக்கும் என்பது சரிதான். ஆனால் வெளியே போய்வந்த ஒரு லேப்டாப் வீட்டு வைஃபையில் சேர்ந்தவுடன், ரவுட்டருக்கு உட்புறம் வந்துவிடுகிறது. ஆகவே மூலையில் கிடக்கும் பழைய கணினி, வீட்டிலுள்ள மற்றக் கணினிகளின் பிரச்சினையும்கூட.

மறுபக்கமும் உண்டு. எந்த நெட்வொர்க்கிலும் சேராமல், பழைய ஸ்கேனருக்காக மட்டும் வைத்திருக்கும் எக்ஸ்பி கணினியை ஏன் கலைக்க வேண்டும்? கேபிளைக் கழற்றுங்கள், வைஃபையை அணையுங்கள், பென் டிரைவில் மட்டும் கவனமாக இருங்கள். அது பாட்டுக்கு ஓடட்டும்.

“பழைய கணினியில் விண்டோஸ் 11 ஏறவே ஏறாது”

சிலவற்றில் ஏறாது. பலவற்றில் ஏறும், ஏறாது என்று சொல்லும் செய்தியைப் படித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பிடம் எல்லாம் பெரும்பாலும் இருக்கும். இடிப்பது டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் செக்யூர் பூட் வசதியும்தான். இந்தச் சில்லைக் கடையில் தேடி அலையத் தேவையில்லை. பல கணினிகளில் அது புராசசருக்குள்ளேயே இருக்கிறது, பயாஸில் அணைத்துவைக்கப்பட்டிருக்கும். இன்டெலில் பி.டி.டி., ஏ.எம்.டி.யில் எஃப்.டி.பி.எம். என்ற பெயரில் தேடி ஆன் செய்தால் போதும். மைக்ரோசாஃப்டின் ‘பிசி ஹெல்த் செக்’ செயலி எது குறைகிறது என்று காட்டிவிடும்.

புராசசர் இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்தையது என்றால், மிகச் சில விலக்குகள் தவிர, அதிகாரபூர்வமாக வழியில்லை. சோதனையை ஏமாற்றி நிறுவும் குறுக்குவழிகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. நிறுவியும் விடலாம். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்ட் எழுதியே வைத்திருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே இந்தப் பாடு?

இப்படிப்பட்ட கணினிக்கு இரண்டு வழிகள். விண்டோஸ் 10-இல் தனிநபர்களுக்கான நீட்டிப்பில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்டது. இன்னொன்று லினக்ஸ். ‘அதெல்லாம் நிபுணர்களுக்கு’ என்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: தமிழக அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போடப்பட்டு வந்தது. இன்று லினக்ஸ் மின்ட் போன்றதைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம், ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல். வைஃபை பிடிக்கிறதா, பிரின்டர் வேலை செய்கிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். டாலியை நம்பித் தொழில் நடத்துகிறவர் மட்டும் அவசரப்பட வேண்டாம், அது விண்டோஸுக்கானது.

வேகத்தைப் பற்றி ஒரே வரி: பழைய கணினி ஊர்ந்து போவதற்குப் பெரும்பாலும் காரணம் புராசசர் அல்ல, சுழலும் ஹார்டு டிஸ்க். எஸ்.எஸ்.டி. மாற்றிய பிறகு தீர்ப்பு எழுதுங்கள்.

“புது விண்டோஸ் போட்டால் பாமினியில் அடித்ததெல்லாம் போய்விடும்”

டி.டி.பி. கடைகளிலும் சங்க அலுவலகங்களிலும் இந்தப் பயம் நிஜமானது. கோப்பு எங்கும் போகாது. பாமினி எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு. புதிய இயங்குதளத்தில் எழுத்துரு இல்லாததால் ஆங்கிலக் கலவையாகத் தெரிகிறது. மேம்படுத்தும் முன் எழுத்துருக் கோப்புகளைத் தனியாக நகலெடுத்துவைத்து, பிறகு நிறுவிக்கொள்ளுங்கள். லினக்ஸிலும் இப்படியே நிறுவிக்கொள்ளலாம். காலம் கிடைக்கும்போது யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. அதற்கான இலவச மாற்றிகள் இருக்கின்றன.

“ஷேர் தெரியவில்லையா? எஸ்.எம்.பி. 1-ஐ ஆன் செய்”

இணையத்தில் அதிகம் பகிரப்படும் தீர்வு, மிக மோசமானதும் அதுவே. வானாகிரை ஏறிவந்த அதே வாகனத்தைத்தான் திரும்ப வீட்டுக்குள் கூப்பிடுகிறோம். எக்ஸ்பிக்கு எஸ்.எம்.பி. 1-ஐ விட்டால் வேறு மொழி தெரியாது, உண்மை. ஆனால் விண்டோஸ் 7-க்கே அதைவிடப் புதிய பதிப்பு தெரியும். பிறகு ஏன் கோப்புறை திறக்கவில்லை? பெரும்பாலும் கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவைப் புதிய விண்டோஸ் மறுப்பதால். பகிர்கிற கணினியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கு தொடங்கி, அந்தப் பெயரில் நுழையுங்கள். நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். ஹோம்குரூப்பைத் தேட வேண்டாம். 2018-லேயே விண்டோஸ் 10-இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். இந்தப் பகிர்வுக்கு இணைய இணைப்பே தேவையில்லை, ரவுட்டர் ஓடினால் போதும்.

“நெட் மெதுவாக இருக்கிறது, பிளானை ஏற்று”

300 எம்.பி.பி.எஸ். கட்டணம் கட்டியும் கேபிளில் 95-ஐத் தாண்டவில்லை என்றால், பிளானை விட்டுக் கேபிளைப் பாருங்கள். ஜிகாபிட் வேகத்துக்கு எட்டுக் கம்பிகளும் வேண்டும். நான்கு கம்பி மட்டும் இணைத்த பழைய கேபிளோ, நூறோடு நிற்கும் பழைய நெட்வொர்க் கார்டோ இருந்தால் எந்தப் பிளானும் உதவாது. வைஃபை பெயரே தெரியவில்லை என்றால் லேப்டாப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், ரவுட்டரில் அதை ஆன் செய்தால் பெயர் வந்துவிடும். பெயர் தெரிந்தும் இணைய மறுத்தால் பாதுகாப்பை டபிள்யு.பி.ஏ. 2, 3 கலந்த முறைக்கு மாற்றுங்கள், அதற்குக் கீழே இறங்காதீர்கள்.