போக இரண்டேமுக்கால் மணி, வர ஐந்து மணி இருபது நிமிடமா?

கேள்வி: துபாயில் வேலை பார்க்கும் என் மகன் விடுமுறைக்கு வந்திருக்கிறான். அவன் டிக்கெட்டில், திருவனந்தபுரத்தில் காலை 10 மணிக்குப் புறப்படும் விமானம் பகல் 12.45க்குத் துபாய் சேரும் என்று இருக்கிறது. அவன் வந்த டிக்கெட்டைப் பார்த்தால், அங்கே பகல் 2 மணிக்கு ஏறி இங்கே இரவு 7.20க்கு இறங்கியிருக்கிறான். தூரம் ஒன்றுதானே? ஏன் இவ்வளவு வித்தியாசம்?
- ஒரு வாசகி, தக்கலை

பதில்: தூரம் ஒன்றுதான் அம்மா. உருண்டையான பூமியின் மேல் மிகக் குறுகிய வழியாக அளந்தால் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். உங்களைக் குழப்பியது கடிகாரம். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். துபாய் நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். போகிற கணக்கில் ஒன்றரை மணியைக் கூட்டுங்கள், வருகிற கணக்கில் கழியுங்கள். போக 4.15 மணி, வர 3.50 மணி.

மிச்சமிருக்கும் 25 நிமிடத்துக்குப் பெரும்பாலும் காற்றுதான் காரணம். குளிர்காலத்தில் அரேபியா, வட இந்தியா பக்கம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலத்த காற்று ஓடும். மேற்கே போகும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. திரும்பும்போது அதுவே பின்னாலிருந்து தள்ளிவிடும்.

மழைக்காலத்தில் கதை வேறு. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் மேற்குக் காற்று ஆளையே தள்ளும். முப்பந்தல் காற்றாலைகள் சுழல்வதும் அதில்தான். அதே நாளில், நம் தலைக்கு மேலே விமானம் பறக்கும் உயரத்தில், காற்று நேர்மாறாகக் கிழக்கிலிருந்து மேற்கே வீசிக்கொண்டிருக்கும். இந்தக் கிழக்குக் காற்றோட்டத்தை 1950களில் ஆராய்ந்து உலகுக்குச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம் என்ற இந்திய வானிலை அறிஞர். அந்த மாதங்களில் துபாய் போகிற விமானத்துக்கு நம் பக்கத்து வானத்தில் காற்று துணை நிற்கும். ஒரே ஊரில் தரையில் ஒரு திசை, வானில் எதிர்த் திசை என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இன்னொன்று. டிக்கெட்டில் உள்ள நேரம் முழுக்கப் பறக்கும் நேரமல்ல. நின்ற இடத்திலிருந்து நகர்வது, ஓடுபாதைக்குப் போவது, இறங்கியபின் மெல்ல ஊர்ந்து வந்து நிற்பது எல்லாம் அதில் அடக்கம்.

இனி, வீட்டிலிருந்து கிளம்பும் கணக்கு. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் இருந்தவர்கள். அதனால் 1930களில் சமஸ்தானம் தொடங்கிய திருவனந்தபுரம் விமான நிலையம் நமக்கும் சொந்த ஊர் நிலையம் போலத்தான். தக்கலையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலில் அதற்கே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரவேண்டும். ஆக, காலை 10 மணி விமானத்துக்கு உங்கள் மகன் அதிகாலை 5 மணிக்கே வீட்டைவிட்டு இறங்கவேண்டும்.

நள்ளிரவு தாண்டிய விமானம் என்றால் தேதியை இருமுறை பாருங்கள். 15ஆம் தேதி 1 மணி என்று டிக்கெட்டில் இருந்தால், 14ஆம் தேதி இரவு 8 மணிக்கே வீட்டிலிருந்து கார் புறப்பட்டிருக்கவேண்டும்.