பொம்மைச் செங்கல் கற்பித்த பாடம்

பத்தாம் வகுப்பு மாணவி

சிறுவர் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். சென்ற விடுமுறையில் நாங்கள் குடும்பத்தோடு சென்ற ஒரு சிற்றுலா அவ்வெண்ணத்தை மாற்றிவிட்டது. அதனை அன்புத் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் தம்பிக்கு அத்தை ஒரு பெட்டி நிறையப் பொம்மைச் செங்கற்கள் வாங்கித் தந்திருந்தார். ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்தினால் பற்றிக்கொள்ளும் நெகிழிக் கட்டிகள் அவை. இவற்றுள் உலகப் புகழ் பெற்றது லெகோ. டென்மார்க் நாட்டுப் பில்லுண்ட் என்னும் ஊரில், ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் டேனிஷ் சொற்களிலிருந்து அப்பெயர் பிறந்தது. மேலே குமிழ், உள்ளே குழல் என்ற அமைப்பிற்கு 1958-இல் காப்புரிமை கோரப்பட்டது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டிகள் ஆறு இருந்தால், அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 வகைகளில் இணைக்கலாமாம்! பெரியவர்களும் இதில் மனம் பறிகொடுத்து, 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 'பிரிக்ஃபெஸ்ட்' என்று மாநாடே கூட்டினார்கள்.

"நாமும் அப்படி ஒரு மாநாட்டுக்குப் போவோமா?" என்று தம்பி கேட்டான். "அவ்வளவு தூரம் எதற்கு? நம் ஊர்ப் பக்கமே மிகப் பெரிய கட்டுமானம் ஒன்று இருக்கிறதே!" என்று சிரித்தார் அப்பா.

அன்றே தம்பி தொட்டியில் ஓர் அணை கட்டினான். தண்ணீர் ஊற்றியதும் இடுக்கெல்லாம் கசிந்தது. பிறகு சுவரே நகர்ந்து சாய்ந்தது. அவன் அழுதுகொண்டே கட்டிகளை வீசி எறிந்தான். இனி தொடவே மாட்டேன் என்று பெட்டியையும் மூடிவிட்டான்.

மறுநாள் தேனியிலிருந்து பேருந்தில் புறப்பட்டோம். சின்னமனூர், உத்தமபாளையம் தாண்டி, கம்பத்தில் தாத்தாவையும் அழைத்துக்கொண்டு, கூடலூர் வழியாக லோயர் கேம்ப் சேர்ந்தோம். அங்கே 2013-இல் திறக்கப்பட்ட கர்னல் பென்னிகுயிக் மணிமண்டபம் உள்ளது. அவரது சிலையின் முன் தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். "நம் வயலுக்கு வரும் தண்ணீர் இவர் தந்தது, தம்பி" என்றார்.

முல்லைப் பெரியாறு அணையின் வேலை 1887-இல் தொடங்கி 1895-இல் நிறைவுற்றது. இடையில் வெள்ளம் வந்து கட்டியதை அடித்துச் சென்றது. காட்டு நோய்கள் தொழிலாளர் பலரைப் பலி கொண்டன. எனினும் வேலை நிற்கவில்லை. மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவது அந்நீரால்தான்.

"என் அணை ஏன் விழுந்தது?" என்று தம்பி கேட்டான். அப்பா விளக்கினார்: ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தமும் கூடும். ஆதலால் பெரியாறு அணை உச்சியில் ஏறத்தாழ 12 அடி அகலமும், அடியில் ஏறத்தாழ 138 அடி அகலமும் கொண்டது. தன் எடையாலேயே அது நீரைத் தாங்கி நிற்கிறது. கல்லைப் பிணைத்தது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்து. சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லின் பொடி! சுண்ணாம்போடு சேர்ந்தால் அது ஈரத்திலும் இறுகும். பின்னர் 1979 முதல் காங்கிரீட்டாலும் எஃகு வடங்களாலும் அணை பலப்படுத்தப்பட்டது.

தம்பியின் சுவரோ மேலும் கீழும் ஒரே அகலம். கட்டிகளோ உள்ளே வெற்றிடம் கொண்டு எடையற்றவை. கட்டிக்குக் கட்டி பற்றினாலும் தொட்டியின் அடியை அவை பற்றவில்லை.

வீடு திரும்பியதும் தம்பி பெட்டியைத் தானே திறந்தான். நாங்களும் உடன் அமர்ந்தோம். அடியை அகலமாக வைத்து, உள்ளே கூழாங்கல் நிரப்பி, தாத்தா பிசைந்து தந்த களிமண்ணால் இடுக்கை அடைத்தோம். ஊற்றிய நீர் நின்றது! இரவு வரை ஒரு துளிதான் கசிந்தது.

தோழியரே, தேர்வில் ஒருமுறை சறுக்கினால் புத்தகத்தை மூடிவிடுகிறோம் அல்லவா? விழுந்த சுவர் ஏன் விழுந்தது என்று கேட்பதே கல்வியின் தொடக்கம். அடித்தளத்தை அகலமாக்கி மீண்டும் கட்டுவோம்.