மணற்குன்றுகளின் மறுவாழ்வு

அமெரிக்க நாட்டின் மேலைக் கரையில் உள்ள சான் பிரான்சிஸ்கோ நகரின் மேற்குப் பகுதி ஒரு காலத்தில் மணற்குன்றுகளாகவே காட்சி அளித்தது. பசிபிக் பெருங்கடலினின்று வீசும் காற்று மணலை ஓயாது வாரி இறைத்தது. மக்கள் அதனைப் பாழ்நிலம் என்றே கருதினர். 1870ஆம் ஆண்டையடுத்து வில்லியம் ஹாமண்டு ஹால் என்னும் பொறியாளர் வாற்கோதுமை முதலியவற்றை விதைத்து மணலை அடக்கி, ஆங்கு 'கோல்டன் கேட்' பூங்காவை உருவாக்கினார். அஃது அருஞ்செயலே. எனினும் அப்பாழ்நிலம் உண்மையில் பாழ்நிலம் அன்று.

அம்மணலில் அவரை இனத்துச் சிறு செடிகள் வளர்ந்தன. அவற்றை உண்டு வாழ்ந்தது 'செர்சீஸ் நீலம்' என்னும் வண்ணத்துப்பூச்சி. உலகில் வேறெங்கும் அது காணப்பட்டதில்லை. நகரம் பெருகப் பெருக மணற்குன்றுகள் மறைந்தன. 1940களின் தொடக்கத்திற்குப் பின் அப்பூச்சியைக் கண்டவர் எவரும் இலர்.

நகரின் வடமேற்கு மூலையில் 'பிரசிடியோ' என்னும் படைத்தளம் ஒன்று இருந்தது. 1776இல் ஸ்பானியர் நிறுவிய அத்தளத்தில், பின்னாளில் அமெரிக்கப் படையினர் யூகலிப்டஸ், சைப்ரஸ், பைன் மரங்களைக் காடாக வளர்த்தனர். தென்னாப்பிரிக்காவினின்று வந்த 'ஐஸ் பிளாண்ட்' என்னும் படர்கொடியும் மணலைப் பாய்போல மூடியது. 1994இல் படையினர் நீங்க, அவ்விடம் தேசியப் பூங்கா ஆயிற்று. அதன் பின்னரே லோபோஸ் ஓடையருகில் மணற்குன்றுகளை மீட்கும் பணி நடைபெறலாயிற்று.

தொண்டர்களும் பள்ளி மாணவரும் அயற்செடிகளை வேரொடு களைந்தனர். வேற்றூர் விதையை விரும்பாது, அவ்வட்டாரத்துச் செடிகளினின்றே விதை திரட்டி, நாற்றங்காலில் வளர்த்து நட்டனர். மணல் முழுவதையும் பசுமையால் போர்த்துதல் இங்கு நோக்கமன்று. 'லெசிஞ்சியா' என்னும் மஞ்சட்பூச் செடி ஓராண்டே வாழ்வது. திறந்த மணலிலன்றி அது தழைக்காது. 1997இல் அழியும் நிலையிலுள்ள இனமாக அது சட்டத்தால் காக்கப்பட்டது. ஆகவே வெறுமணலும் வேண்டற்பாலதே.

படையினர் நட்ட மரங்களும் இதற்குள் வரலாற்றுச் சின்னங்களாகி, மக்களின் அன்பைப் பெற்றிருந்தன. அனைத்தையும் வெட்டுதல் இயலாது. வெட்டாமலும் மணலை மீட்க இயலாது. எனவே காட்டிற்கு ஒரு பகுதி, மணற்குன்றிற்கு ஒரு பகுதி எனப் பிரித்துக் கொண்டனர்.

2024 ஏப்ரலில் செர்சீஸ் நீலத்தின் நெருங்கிய உறவினமான வெள்ளி நீல வண்ணத்துப்பூச்சிகளை மாண்டரே வட்டாரத்தினின்று கொணர்ந்து அங்கு விடுத்தனர். அவை முட்டையிடுதற்குரிய அவரை இனத்துச் செடிகள் குன்றுகளில் முன்னரே நடப்பட்டு வளர்ந்திருந்தன.