ஊர் திரும்பாத தொழிலாளர்

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் இரயில் பாதையில் கோரமண்டல் ஒரு நிறுத்தம். இது கோலார் தங்கவயலின் ஒரு பகுதி.

1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பொறுப்பை ஏற்றபின் வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழர் திரளாக வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் நிலமற்றோர். சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்டோர். ‘லைன்’ எனப்பட்ட தகரக் குடில்களில் வாழ்ந்தனர். திருமணம், திருவிழா எனச் சொந்த ஊருக்குச் சென்றனர். ஆயினும் திரும்பி இங்கேயே வந்தனர். உழ நிலமும் உரிய மதிப்பும் இல்லாத ஊரில் எதை நம்பித் தங்குவது?

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று, அவர்கள் குடியிருந்த வீடும் சுரங்க நிறுவனத்துக்கே உரியது. எனினும் பலர் தமிழ்நாட்டுக்குப் பெயரவில்லை. பாட்டன் பூட்டனின் கல்லறைகள் இங்கே. பிள்ளைகள் பள்ளியில் கற்றது கன்னடமும் ஆங்கிலமும். ஆகவே விடியுமுன் இரயிலேறிப் பெங்களூரில் உழைத்து, இரவில் வீடு திரும்புகின்றனர். நாள்தோறும் ஊர் திரும்புகின்றனர் என்றே சொல்லலாம். அந்த ஊர் தங்கவயல்.

பயிற்சி: ‘நம் ஊர்’ என்று உங்கள் தாத்தா பாட்டி எதைக் குறிப்பிடுகின்றனர்? அங்கே இன்று உங்கள் உறவினர் யார் உளர்? கேட்டு எழுதுக.