அவிழ்த்து விட்ட நாயும் அஞ்சி ஒளிக்கும் பிள்ளையும்

அல்ஹம்துலில்லாஹ். சில ஆண்டுகளுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் காலை மக்தப் ஓதிக் கொடுத்து வந்தோம். ஏழு வயதுப் பிள்ளை ஒருவன், சுபுஹுக்குப் பின் தாமதமாக வந்து வாசலிலேயே நின்றான். கைலியின் ஓரம் நனைந்திருந்தது. "ஆலிம்சா, அவன நாய் நக்கிருச்சு!" என்று மற்றப் பிள்ளைகள் கூவினார்கள். நாமும், "முஸ்ஹபைத் தொடாதே. வீட்டுக்குப் போய் ஏழு தடவை கழுவி விட்டு வா" என்று சற்றுக் கடுமையாகவே சொல்லி அனுப்பி விட்டோம்.

மூன்று நாட்கள் அவன் வரவில்லை. நான்காம் நாள் அவனைக் குளிப்பாட்டிய உம்மும்மா, முழங்காலுக்குக் கீழே பல் பதிந்த தழும்பைக் கண்டு அலறியிருக்கிறார். பக்கத்துத் தெருவில் ஒருவர் தம் வளர்ப்பு நாயைக் காலையில் சங்கிலியின்றி அவிழ்த்து விடுவது வழக்கம். அது பிள்ளையிடம் ஓடி வந்திருக்கிறது. அவன் பயந்து ஓட, அது துரத்திக் கவ்வியிருக்கிறது. "ஏன் வாப்பா சொல்லவில்லை?" என்று கேட்டதற்கு, "நஜீஸுன்னு ஏசுவாங்க" என்றானாம். அரசு மருத்துவமனையில் மருத்துவர், "நான்கு நாட்கள் ஏன் தாமதம்?" என்று கேட்டார். பிள்ளையின் தகப்பனாரிடம் பதில் இல்லை. பதில் நம்மிடம் இருந்தது. ஊசிகள் முறையாகப் போடப்பட்டன. அல்லாஹ்வின் கிருபையால் அந்தப் பிள்ளை இன்று நலமாயிருக்கிறான். ஆனால் அந்த நான்கு நாட்களை நினைக்கும் போதெல்லாம் நமக்கு உள்ளம் நடுங்குகிறது.

அன்று நாம் சொன்ன மஸ்அலாவில் பிழையில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதே பிழை. எனவே இவ்விஷயத்தில் மார்க்கம் சொல்வதையும், மருத்துவம் சொல்வதையும், வீதியில் நடந்து கொள்ள வேண்டிய முறையையும் சேர்த்தே அறிந்து கொள்வது நம் வீடுகளுக்கு அவசியமாகிறது.

நாய் பட்டால் சட்டம் என்ன?

ஷாபிஈ மத்ஹபில் நாய் கனத்த நஜீஸ் ஆகும். அதன் எச்சிலோ, ஈரமான மூக்கோ, நனைந்த உடலோ பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றில் ஒரு முறை சுத்தமான மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். நாய் வாய் வைத்த பாத்திரத்தைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ள ஹதீதே இதற்கு ஆதாரம். சோப்பு மண்ணுக்கு ஈடாகாது என்பதே மத்ஹபின் வலுவான சொல்லாகும்.

ஹனபி மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸ். ஆனால் அதன் உடல் நஜீஸ் அல்ல என்பதே ஏற்கப்பட்ட சொல். எச்சில் பட்டதை மூன்று முறை கழுவினால் சுத்தமாகி விடும். மாலிகீ மத்ஹபிலோ உயிருள்ள நாய் சுத்தமானதே. ஒவ்வொருவரும் தத்தம் மத்ஹபின்படி நடந்து கொள்வார்களாக. இதற்காக ஒருவரையொருவர் குறை கூற வேண்டியதில்லை.

நம் வீடுகளில் பரவியுள்ள சில தவறான எண்ணங்களையும் களைய வேண்டும். நாய் பட்டால் ஒளு முறியாது. குளிப்பும் கடமையாகாது. பட்ட இடத்தை மட்டும் கழுவினால் போதும். நாயும் உலர்ந்திருந்து, பட்ட இடமும் உலர்ந்திருந்தால் ஷாபிஈ மத்ஹபிலும் எதுவும் கழுவ வேண்டியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நாய்கள் பள்ளிவாசலுக்குள் வந்து போய்க் கொண்டிருந்தன என்றும், அதற்காக அவர்கள் தண்ணீர் எதுவும் தெளிக்கவில்லை என்றும் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் உள்ளது. உலர்ந்த நிலையில் அசுத்தம் தாவாது என்று நம் இமாம்கள் இதற்கு விளக்கம் கூறியுள்ளார்கள்.

முதற் கேள்வி எது?

பெற்றோர்களே! உஸ்தாதுமார்களே! பிள்ளை வந்து, "நாய் என் மேல் பட்டு விட்டது" என்று சொன்னால் நம் வாயிலிருந்து வர வேண்டிய முதற் கேள்வி, "கடித்ததா? பிறாண்டியதா? எங்கே, காட்டு" என்பதாகும். கழுவும் மஸ்அலா அதற்குப் பின்பே வர வேண்டும். ஆடையைப் பிறகும் கழுவிக் கொள்ளலாம். தவறிய உயிர் திரும்பாது.

வெறிநாய்க்கடி நோய் என்னும் ரேபிஸ், அறிகுறிகள் தோன்றிய பின் ஏறத்தாழ எல்லோரையும் கொன்று விடும் நோயாகும். கடித்ததற்கும் நோய் தோன்றுவதற்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் செல்லும். சிலருக்கு ஒரு வாரத்திலும் தோன்றலாம், ஒரு வருடமும் ஆகலாம். இந்த இடைவெளியே அல்லாஹ் நமக்குத் தந்துள்ள அவகாசம். 1885-ஆம் ஆண்டு பிரான்சில் லூயி பாஸ்டர் இதற்கான தடுப்பு மருந்தை முதன் முதலாகச் செலுத்தியது நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கேயாகும். நம் நீலகிரியில் குன்னூரிலுள்ள பாஸ்டர் நிலையம் 1907 முதல் இந்நோய்க்கு எதிராகப் பணியாற்றி வருகிறது. வயிற்றில் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் அஞ்சுவார்களே, அந்தப் பழைய மருந்து நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டு விட்டது. இப்போதுள்ள ஊசி கையிலேயே போடப்படுகிறது. சிறு பிள்ளைகளுக்குத் தொடையிலும் போடுவார்கள்.

செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, கடித்த அல்லது பிறாண்டிய இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மண் எதையும் காயத்தில் அப்பலாகாது.

இரண்டாவது, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடப்படுகிறது. தோலில் போடும் முறையில் முதல் நாளும், அதன் பின் 3, 7, 28 ஆகிய நாட்களும், தசையில் போடும் முறையில் அவற்றோடு 14-ஆம் நாளும் உண்டு. மருத்துவர் குறித்துத் தந்த நாட்களில் ஒன்றையும் தவற விடலாகாது. இரத்தம் வந்த கடியாயின் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். அதையும் கேட்டுப் பெற வேண்டும். நோன்பு காலமென்று தள்ளிப் போடாதீர்கள். இந்த ஊசி நோன்பை முறிக்காது.

மூன்றாவது, இரத்தம் வராத சிறு பிறாண்டலானாலும், புண்ணில் நாய் நக்கியிருந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காயமே இல்லாத தோலில் நக்கியது மட்டுமாயின் கழுவினால் போதும், ஊசி தேவைப்படாது.

"அப்படியானால் காயத்தில் மண் போட்டுக் கழுவும் சட்டம் என்னாவது?" என்று ஷாபிஈ சகோதரர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அபூதாவூதில் ஒரு செய்தி உள்ளது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையாயிற்று. சலுகை உண்டா என்று அவர் கேட்டார். தண்ணீர் இருக்கச் சலுகையில்லை என்று உடனிருந்தோர் சொல்லி விட்டார்கள். அவர் குளித்தார், இறந்து போனார். செய்தி எட்டிய போது நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்து, அந்த மரணத்தின் பொறுப்பை அவ்வாறு சொன்னவர்கள் மீதே சாற்றினார்கள். அறியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்றும் வினவினார்கள். தீங்கு தரும் இடத்தில் ஷரீஅத் தண்ணீரையே வற்புறுத்தவில்லை எனும் போது, மண்ணை எவ்வாறு வற்புறுத்தும்? ஆடையையும் காயமற்ற தோலையும் முறைப்படி கழுவுங்கள். காயத்தை மருத்துவர் சொன்னபடி வைத்திருங்கள். அது ஆறும் வரை தொழுகையை எவ்வாறு நிறைவேற்றுவது என்பதை அருகிலுள்ள ஆலிமிடம் கேட்டுக் கொள்ளுங்கள். தொழுகையை விட்டு விடாதீர்கள்.

வீதியில் நடந்து கொள்ளும் முறை

நம் பிள்ளைகள் நாயைக் கண்டதும் அலறி ஓடுவதற்கு ஒரு காரணம் நாமே. "நஜீஸ், நஜீஸ், ஓடு" என்று சொல்லிப் பழக்கியிருக்கிறோம். ஓடுகின்றதைத் துரத்துவது நாயின் சுபாவம். ஆகவே பிள்ளைக்கு இவ்வாறு கற்றுக் கொடுங்கள்: நாய் நெருங்கினால் ஓடாதே. கத்தாதே. அதன் கண்ணை உற்றுப் பார்க்காதே. கைகளை உடலோடு ஒட்டி வைத்து மரம் போல் அசையாமல் நில். அது முகர்ந்து பார்த்துப் போய் விடும். கீழே விழுந்து விட்டால் சுருண்டு படுத்து, காதையும் கழுத்தையும் கைகளால் மூடிக் கொள். தின்று கொண்டிருக்கும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் நெருங்காதே. கல்லெறியாதே. உடை நனைந்தால் கழுவிக் கொள்ளலாம், அதற்காக யாரும் ஏசமாட்டோம்.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலமுறை சொல்லுங்கள். மற்றவற்றை மறந்தாலும் இதைப் பிள்ளை மறக்கலாகாது.

பெரியவர் உடனிருந்தால் பிள்ளையைத் தம் பின்னால் நிறுத்தி, நாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்க வேண்டும். உரியவர் அருகிலிருந்தால், "ஐயா, நாயைக் கொஞ்சம் பிடித்துக் கொள்ளுங்கள், பிள்ளை பயப்படுகிறான்" என்று உரக்கவும் மரியாதையாகவும் சொல்ல வேண்டும். "எங்கள் மார்க்கத்தில் இது அசுத்தம்" என்று தொடங்க வேண்டாம். பிற சமயத்துச் சகோதரர் அதைத் தம்மை இழிவுபடுத்தும் சொல்லாக எடுத்துக் கொள்ளக் கூடும். பிள்ளையின் அச்சமோ எல்லோருக்கும் புரியும். பிர்அவ்னிடம் அனுப்பிய போதே மூஸா, ஹாரூன் (அலை) இருவரையும் மென்மையாகப் பேசும்படி அல்லாஹ் ஏவினான். நம் பக்கத்துத் தெருக்காரர் பிர்அவ்ன் அல்லவே!

"அது ஒண்ணும் செய்யாது" என்று சொல்லிச் சிரிப்போர் உண்டு. அவர்களின் வீட்டாரை அது ஒன்றும் செய்யாமலிருக்கலாம். அந்நியப் பிள்ளையை என்ன செய்யுமென்று அவர்களுக்கும் தெரியாது. 2024 மே மாதம் சென்னையில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில், காவலாளியின் ஐந்து வயது மகளை வளர்ப்பு நாய்கள் இரண்டு கடித்துக் குதறியதை நாடே அறியும். அவை தெருநாய்கள் அல்ல, உரியவர் உள்ள நாய்கள். ஆகவே பணிவாகச் சொல்லியும் கேளாதவரைப் பற்றி மஹல்லாப் பெரியவர்கள் மூலம் பேசலாம். அதற்கும் இணங்காவிட்டால் நகராட்சியிலும் காவல் நிலையத்திலும் முறையிடலாம். தம் பிராணியால் பிறருக்குத் தீங்கு வராதபடி காக்கத் தவறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஆறு மாதம் வரை சிறையோ, 5000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விஷம் வைப்பதும் அடித்துக் கொல்வதும் நம் வழியல்ல.

நாய் வளர்க்கும் முஸ்லிமுக்கு

நம்மவரிலும் தோட்டத்துக்கும் வீட்டுக் காவலுக்கும் நாய் வைத்திருப்போர் உண்டு. வேட்டை, கால்நடை, விளைநிலம் ஆகியவற்றின் தேவைக்கு நாய் வைத்துக் கொள்ள ஹதீதில் அனுமதியுண்டு. வீட்டுக் காவலையும் இமாம்கள் இதனோடு சேர்த்துள்ளார்கள். தேவையின்றி அழகுக்காக வளர்ப்பவரின் நற்கூலி தினமும் குறைகிறது என்பதும் ஹதீதே. அனுமதியுள்ளவரும் அதை அவிழ்த்து வீதியில் விட அனுமதி பெற்றவரல்லர். பாதைக்குரிய ஹக்குகளில் பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். பிராணியோடு இருப்பவர் அது விளைவிக்கும் உயிர்ச்சேதம், பொருட்சேதம் இரண்டுக்கும் பொறுப்பாளி என்பது இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் காணும் சட்டம். உறங்கிக் கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றவர்கள் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். அதற்கே, ஒரு முஸ்லிமை அச்சுறுத்துவது ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கயிற்றை எடுத்ததே ஆகாதென்றால், பிறர் பிள்ளை மீது நாய் பாய்வதைப் பார்த்துச் சிரிப்பது எப்படி ஆகும்? ஆகவே சங்கிலி போடுங்கள், தடுப்பூசி போடுங்கள், பிள்ளைகள் மக்தபுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் நேரத்தில் வெளியே விடாதீர்கள்.

வெறுப்பு வேண்டாம்

அசுத்தம் வேறு, வெறுப்பு வேறு. சட்டத்தில் அசுத்தமான பிராணி, படைத்தவனின் பார்வையில் இழிந்த பிராணி என்று பொருளாகாது. குகைவாசிகளின் வாசலில் முன்கால்களை விரித்துக் கிடந்த நாயைச் சூரத்துல் கஹ்பு குறிப்பிடுகிறது. பழக்கிய வேட்டை நாய் பிடித்ததை உண்ணச் சூரத்துல் மாயிதா அனுமதிக்கிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் தோலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்று புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. கோடையில் வாசலில் ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள். வைப்பதைப் பிள்ளையும் பார்க்கட்டும்.

நாம் அந்தப் பிள்ளையிடம் பின்னர் மன்னிப்புக் கேட்டோம். உஸ்தாது கேட்பதா என்று அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அதன் பின் நாம் ஓதிக் கொடுத்த இடங்களிலெல்லாம் தஹாரத் பாடம் நடத்தும் போது, நாயைப் பற்றிய மஸ்அலா வந்ததும், "கடித்தால் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்?" என்று கேட்டு, "உம்மாவிடம், வாப்பாவிடம், உஸ்தாதிடம்" என்று பிள்ளைகளைச் சொல்ல வைத்த பிறகே அடுத்த மஸ்அலாவுக்குப் போகிறோம். இதை வாசிக்கும் ஒவ்வொரு தாயும் இன்றிரவே தம் பிள்ளையிடம் அவ்வாறு கேட்பாராக.

அல்லாஹ் நம் பிள்ளைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக. நம்மை அவர்கள் அஞ்சி ஒளியாத பெற்றோர்களாகவும் உஸ்தாதுகளாகவும் ஆக்கி வைப்பானாக. ஆமீன். வல்லாஹு அஃலம்.