வழியில் மறித்துப் பேசுங்கள்

கலசப்பாக்கம், போளூர், கடலாடிப் பக்கத்திலிருந்து கதை எழுதிப் பார்க்கும் பிள்ளைகள் அவ்வப்போது நோட்டும் கையுமாக வந்து உட்காருகிறார்கள். வாங்கிப் படித்தால், பாதிக் கதைகளுக்கு மூன்றாம் பக்கத்தில்தான் உயிர் வருகிறது. அவர்களிடம் வாய் ஓயாமல் சொல்லிவருவதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன்.

1. முதலில் நம்ம ஊர்ப் பாட்டைப் படியுங்கள். பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது. அதில் வரும் சேயாறுதான் நம் ஊரை ஒட்டி ஓடும் செய்யாறு. அதில் சொல்லும் நவிரம் நம் பர்வதமலைதான் என்பார்கள். 583 அடி பாடப் போகிறவர் எங்கே தொடங்குகிறார் என்று பாருங்கள். நன்னன் பெருமையைக் காணோம், மலையின் அழகையும் காணோம். முழவு, ஆகுளி, மயிற்பீலி கட்டிய கொம்பு, தூம்பு, குழல் என்று வாத்தியங்களைப் பையில் போட்டுக் கட்டி, பலாக்காய் கொத்தாகத் தொங்குவதுபோலத் தொங்கவிட்டுக்கொண்டு, ஒரு கூத்தர் கூட்டம் வருகிறது. அவர்களைப் பார்த்து ஒருவன் பேச ஆரம்பிக்கிறான். அரசன் பிறகுதான் வருகிறான். ஆற்றுப்படை என்றாலே இப்படித்தான்: பரிசு வாங்கித் திரும்புகிறவன், பசியோடு போகிறவனை வழியில் மறித்துச் சொல்வது. கதைத் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நீங்கள் எழுத உட்காரும்போது உங்கள் ஆட்கள் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க வேண்டும். தோளில் சுமை இருக்க வேண்டும். போய்ச் சேர ஓர் இடம் இருக்க வேண்டும்.

2. ஊரை வர்ணித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு பெண் கொண்டுவந்த கதை, "ஜவ்வாது மலையின் எழில் கொஞ்சும் அடிவாரத்தில்" என்று தொடங்கி, அருவி, மூலிகைக் காற்று, வெள்ளந்தி மக்கள் என ஒரு பக்கம் போனது. இரண்டாம் பக்கத்தின் கீழே ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு கிழவி பலாப்பழத்தோடு பஸ் ஏறுகிறாள். அங்கிருந்து தொடங்கச் சொன்னேன். மறுவாரம் இப்படி எழுதி வந்தாள்: "பழத்துக்கும் லக்கேஜ் போட்டால்தான் வண்டி நகரும் என்று கண்டக்டர் விசிலை வாயில் வைக்காமலே நின்றார். அஞ்சலையின் முந்தானை முடிச்சில் பத்து ரூபாய்தான் இருந்தது." இரண்டே வரி. மலை வந்துவிட்டது, வறுமை வந்துவிட்டது, வழக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் இருக்கும் எல்லோரும் நேரமாகிறதே என்று கிழவியைத் திரும்பிப் பார்ப்பதை நாமே ஊகித்துக்கொள்கிறோம்.

3. கீழ்க்கண்டவற்றைப் பார்த்தவுடன் அடித்துவிடுங்கள்: சூரியன் பொற்கதிர் பரப்புவது, அலாரம் அடிப்பது, கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தானே வர்ணிப்பது, கனவு கண்டு திடுக்கிட்டு எழுவது, தலைமாட்டில் ஒரு குறளை வைத்து அதற்கு உரை எழுதுவதுபோலக் கதை சொல்வது. யார் பேசுகிறார் என்றே தெரியாமல் நாலு வரி வசனம் போடுவதும் இதே கணக்குதான்.

4. பெரிய விஷயமா? சில்லறைக் கணக்கில் தொடங்குங்கள். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே சென்னைக்கு வருகிறார். ஆனால் கதை தொடங்கும்போது, பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் பிள்ளைவாள் நின்றுகொண்டு, டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், வெற்றிலை போட்டால் எவ்வளவு ஆகும் என்று காலணாக் கணக்குப் போடுகிறார். அந்தக் காலணாவை நம்பிவிட்ட வாசகன், அடுத்து வழி கேட்டு வந்து நிற்கும் கடவுளையும் நம்பிவிடுகிறான்.

5. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதைத் தெருக்கூத்தில் கற்றுக்கொள்ளுங்கள். களரியில் இரண்டு பேர் திரையைப் பிடித்து நிற்க, வேஷம் உள்ளே பாடி ஆடும். நமக்குத் தெரிவது சலங்கைச் சத்தமும், திரைக்கு மேலே அசையும் கிரீடத்தின் நுனியும்தான். துரியோதனன்தான் வரப்போகிறான் என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் கண் திரையை விட்டு விலகாது. ஆக, ஆவலுக்கு ரகசியம் தேவையில்லை. சுந்தர ராமசாமி 'ஒரு புளியமரத்தின் கதை'யில் மரம் அழிந்துபோனதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். எப்படி அழிந்தது என்பதற்காக நாவல் முழுக்கப் படிக்கிறோம். கடைசி வரி அதிர்ச்சிக்காக முதல் பக்கத்தில் விஷயத்தை ஒளித்துவைப்பது எழுதத் தெரியாதவர் செய்யும் வேலை. இன்னொன்று: கட்டியங்காரன் கேட்க, வேஷம் தன் பெருமையைத் தானே சொல்வது கூத்துக்கு அழகு. கதையில் அது எடுபடாது. ஆள் யார் என்பதை அவன் செய்யும் காரியம் சொல்லட்டும்.

6. முதல் பத்தியில் ஒரு பெயர் போதும், மிஞ்சினால் இரண்டு. பெரியப்பா, சித்தி, சம்பந்தி என்று குடும்ப அட்டையை நீட்டாதீர்கள்.

7. முதல் வரி கிடைக்கவில்லையே என்று எழுதாமல் உட்காராதீர்கள். நற்றிணை, குறுந்தொகை, ஐங்குறுநூறு, அகநானூறு, புறநானூறு ஐந்துக்கும் முன்னால் நிற்கும் கடவுள் வாழ்த்துகள், பாரதம் பாடிய பெருந்தேவனார் பிற்காலத்தில் பாடிச் சேர்த்தவை. நூலில் முதலில் நிற்பது முதலில் எழுதியதாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. தோன்றிய இடத்தில் ஆரம்பியுங்கள். கதை முடிந்தபின்தான் அது எதைப் பற்றியது என்று உங்களுக்கே விளங்கும். அப்போது திரும்பி வந்து தொடக்கத்தை எழுதுங்கள். பல சமயம் புதிதாக எழுதவே வேண்டியிராது. முதல் இரண்டு பத்தியைக் கிழித்தால் மூன்றாவது தயாராக நிற்கும்.

8. வாசலில் வெடி வைத்துவிட்டு உள்ளே வெறும் வீட்டைக் காட்டாதீர்கள். முதல் வரியில் கொலை விழுந்தால் கடைசிவரை அந்தச் சூடு தாங்கவேண்டும். உங்கள் கதை மெல்லப் பேசும் கதை என்றால் மெல்லவே தொடங்குங்கள், ஆனால் தெளிவாக.

9. உங்களுக்குப் பிடித்த கதைகளின் முதல் பத்தியை மட்டும் கையால் எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றின் கீழேயும், யார் இருக்கிறார், என்ன செய்துகொண்டிருக்கிறார், எது இடிக்கிறது என்று மூன்று பதில் எழுதுங்கள். பிறகு உங்கள் கதைக்கும் இதே மூன்றையும் எழுதுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் அந்தப் பத்தி இன்னும் தயாராகவில்லை.

10. கடைசியாக, முதல் பத்தியை மட்டும் யாருக்காவது வாய்விட்டுப் படித்துக் காட்டிவிட்டு நிறுத்துங்கள். அவர் "நல்லா இருக்கு" என்றால் வீட்டுக்குப் போய்த் திருத்துங்கள். "அப்புறம்?" என்றால் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.